போவது வேறு, சொட்டுவது வேறு

நீங்கள் எல்லோரும் என்னைவிட அதிகம் படித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நான் எல்.எம்.பி. என்ற அந்தக்காலத்து டாக்டர் டிப்ளமா மட்டும் முடித்தவன். உங்களுக்கு எக்ஸ்ரே இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது, சந்தேகம் வந்தால் போனை எடுத்துப் பெரிய டாக்டரிடம் கேட்கலாம். ஆகவே வைத்தியத்தை நான் உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்ணெதிரே இருந்ததை நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்பதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு கிராமத்து டிஸ்பென்சரியில் நான் ஒருவன்தான் டாக்டர். துணைக்கு ஒரு கம்பவுண்டர். ஒருநாள் காலை நோயாளிகள் எல்லோரும் போன பிறகு பழனியப்பக் கவுண்டர் வந்தார். அறுபத்தெட்டு வயது, நெடிய உருவம். காங்கேயம் மாடுகள் வளர்ப்பவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு எதுவானாலும் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அப்படிப்பட்டவர், கூட்டம் கலையும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்துவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒண்ணும் பெருசா இல்லீங்க டாக்டரு. ஒண்ணுக்குக் கொஞ்சம் நிக்காமப் போகுதுங்க. வேட்டி நனஞ்சு போகுது. அத நிறுத்தற மாதிரி ஒரு மருந்து குடுத்தீங்கன்னாப் போதுமுங்க."

இதைச் சொல்லும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சுவரைத்தான் பார்த்தேன். என் அப்பாவைவிட மூத்தவர். அவரிடம் வேட்டியைத் தளர்த்திப் படுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்தேன். இல்லை. அத்துடன் என் ஆராய்ச்சி முடிந்தது. பெல்லடோனா கலந்த மருந்து எழுதினேன். அது மூத்திரப்பையைத் தளர்த்தும், கசிவு நிற்கும் என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. கொடுப்பதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் அதே புத்தகத்தில் இருந்தது.

சீட்டை வாங்கிக்கொண்டு அவர் ஒரு கணம் நின்றார்.

"வயித்தப் பாக்கறதுங்களா?"

கவனியுங்கள், அவரே கேட்டார். வாசல்வரை வந்த மனிதர், உள்ளே வரட்டுமா என்று கேட்டது போல. நான், "வேண்டாங்க. வயசானா எல்லாத்துக்கும் இப்படித்தானுங்க," என்று சொல்லி அனுப்பிவைத்தேன். மரியாதையாக நடந்துகொண்டதாக எனக்குத் திருப்தி வேறு.

எட்டாம் நாள் காலை அவருடைய மூத்த மகன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஐயனுக்கு வயிறு உப்பிப்போச்சுங்க. ரெண்டு நாளா வாந்தி. செத்துப்போன பெரியப்பனைக் கூப்பிட்டுப் பேசறாருங்க. மகோதரமுங்க. போன வருசம் எங்க மாமனுக்கு நீங்கதான் வயித்துல இருந்து தண்ணி எடுத்தீங்க. அப்படியே எடுத்துப்போடுங்க, வாங்க."

வயிற்றில் துளையிட்டு நீர் எடுக்கும் ஊசியையும் குழலையும் கொதிக்கவைத்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன். மூன்று மைல் தூரம். நோயாளியைப் பார்க்குமுன்பே எனக்கு நோய் முடிவாகிவிட்டது. பெயர் வைத்தவர் அவர் மகன். நான் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

கவுண்டர் வீட்டுக்குள் இல்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டிக் கூரை சரித்துப் போட்ட ஒரு சாய்ப்பில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். சினைமாட்டுக்குக் காவல் என்று சொல்லி மாசக்கணக்கில் அங்கேயே படுக்கையாம். நாக்கு காய்ந்து பட்டையாக இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வயிறு தொப்புளுக்கு மேலேவரை எழும்பி நின்றது. கால்களில் வீக்கம். மகோதரம்தான். கையைக் கழுவினேன். தொப்புளுக்குக் கீழே நடுவில் அயோடின் தடவினேன். ஊசியைக் கையில் எடுத்தேன்.

வயிற்றில் நீர் எடுப்பதற்கு முன்னால் மூத்திரப்பை காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. பழக்க தோஷத்தில், "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாரு?" என்று மகனைக் கேட்டேன்.

"அதுதான் சதா போயிட்டே இருக்குதுங்களே," என்றார் மகன்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கவுண்டரின் மனைவி பாவாத்தாள்.

"இல்லீங்க. போகலீங்க. சொட்டுதுங்க. போறது வேற, சொட்டறது வேறீங்க. அவரு ஒழுங்காப் போயி ஆறேழு நாளாச்சுங்க."

என் கை அப்படியே நின்றது.

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, எட்டு நாளைக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். வயிற்றில் கை வைத்தேன். மகோதர வயிறு தளதளவென்று இருக்கும், பக்கவாட்டில் சரியும். இது அப்படியில்லை. இடுப்பெலும்புக்குள்ளிருந்து எழும்பி, கவிழ்த்துவைத்த குடம் போல நடுவில் விறைத்து நின்றது. விரலால் தட்டினேன். நடுவில் மந்தமான ஓசை, இரண்டு பக்கத்திலும் காலிப் பாத்திரத்தின் ஓசை. மகோதரத்தில் இது நேர்மாறாக இருக்கும். அது முழுவதும் மூத்திரப்பை. நிரம்பி, வழி அடைபட்டு, தாங்காமல் வழிந்துகொண்டிருந்ததைத்தான் அவர் நிற்காமல் போகிறது என்று என்னிடம் சொன்னார். அணை நிரம்பி வழிகிறது என்று வந்த மனிதருக்கு நான் வழிவதை நிறுத்த மருந்து கொடுத்திருந்தேன்.

இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் அந்த ஊசி மூத்திரப்பைக்குள் இறங்கியிருக்கும். அதைவிடப் பெரிய பயம் அடுத்ததாக வந்தது.

"நான் குடுத்த மருந்தக் குடிச்சாருங்களா?"

"வேளை தவறாமக் குடுத்தனுங்க," என்றார் பாவாத்தாள். "அதக் குடிச்ச மறுநாளே சுத்தமா நின்னுபோச்சு. சொட்டு மட்டுந்தான். மருந்து வேலை செய்யுதாட்டம் இருக்குதுன்னு அவருக்குச் சந்தோசமுங்க."

உலகத்தில் எத்தனையோ வசவு கேட்டிருக்கிறேன். அந்தச் 'சந்தோசம்' போல ஒன்று என்னைச் சுட்டதில்லை. பலவீனமாக முக்கிக்கொண்டிருந்த மூத்திரப்பையை மருந்து கொடுத்து நானே படுக்கவைத்திருக்கிறேன். அந்த அழுத்தம் சிறுநீரகத்தைத் தாக்கி, விஷம் ரத்தத்தில் ஏறி, மனிதர் செத்துப்போன அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

வண்டியைத் திருப்பி அனுப்பி, ரப்பர்க் குழாய்களோடு கம்பவுண்டரை வரவழைக்கச் சொன்னேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பாவாத்தாள் மகனை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். மூன்று வருஷமாக அவர் கணவருக்கு நீர் பிரிவது கஷ்டம். போய் நின்றால் வெகுநேரம் வராது. வந்தாலும் நூலாக வரும், நின்று நின்று வரும். முடித்துவிட்டு வந்தால் கால் மணியில் மறுபடி ஓட வேண்டும். கல்யாண வீடுகளில் தண்ணீர் தொடமாட்டார். பஸ் ஏறுவதை விட்டுவிட்டார். அந்தியூர்ச் சந்தைக்குக் காளைகளை ஓட்டிக்கொண்டு போனவர், போன வருஷம் பவானிவரை போய்ப் பாதியிலேயே திரும்பிவிட்டார். ஊரில் நியாயம் பேசக் கூப்பிட்டால் போவதில்லை. கவுண்டருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊரே பேசிற்று.

"மருமகளுக்குத் தெரியக்கூடாதுன்னு வேட்டிய நானே வாய்க்காலுக்குக் கொண்டுபோயித் தொவைப்பனுங்க," என்றார் அந்த அம்மாள்.

"இத்தனை நாளா யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"யாருகிட்டங்க சொல்றது? அவரு உங்ககிட்டத்தான் வந்தாரு."

கம்பவுண்டர் வந்தார். மெல்லிய ரப்பர்க் குழாய் உள்ளே போகவில்லை, பாதியில் மடங்கிக்கொண்டது. பெட்டியில் வெள்ளிக் குழாய் ஒன்று இருந்தது. கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்று கை துடித்தது. அழுத்தினால் சதையைக் கிழித்துக்கொண்டு வேறு வழியில் போகும். அதைப் பெட்டியிலேயே வைத்து மூடினேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிக் காத்திருந்துவிட்டு, நுனி வளைந்த குழாய் ஒன்றை மெதுவாக விட்டேன். ஓரிடத்தில் நின்றது. நானும் நின்றேன். பிறகு தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

சிறுநீர் கொட்டியது. ஒரு பாத்திரம் நிறைந்தது, இரண்டாவது வைத்தார்கள். வயிறு கண்ணெதிரே இறங்கிற்று. கவுண்டர் பெரிதாக ஒரு மூச்சு விட்டுக் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார். "அப்பாடா... சாமி," என்றார். பாவாத்தாள் அழுதுவிட்டார். மகன் என் காலைத் தொட வந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் முகம் சாம்பலாக மாறிற்று. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்தது. நாடியைத் தேடினேன், விரலுக்குக் கீழே இழையாக ஓடியது. குழாயிலிருந்து வந்துகொண்டிருந்த நீர் ரோஜா நிறமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தமாயிற்று.

நாள்கணக்கில் புடைத்திருந்த மூத்திரப்பையை ஒரேயடியாகக் காலி செய்யக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும் என்றுதான் அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் இதே கேள்விக்கு நல்ல மார்க் வாங்கியவன் நான். காலில் விழ ஒருவர் வந்ததும் மறந்துபோனேன். குழாயை அடைத்தேன். கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்திச் செங்கல் வைத்தோம். போர்வை போர்த்தி, வெந்நீர்ப் பாட்டில் வைத்து, நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் அந்தச் சாய்ப்பில் மாடுகள் அசைபோடும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நாடி மெல்ல நிறைந்தது. மூச்சு சீராயிற்று. மருந்தால், ஊசியால், குழாயால் என்று எட்டே நாளில் ஒரே மனிதரை மூன்று தடவை கொல்லப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கே அவரைக் கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பஸ் டிரைவர் விஷயத்தைக் கேட்டு, பின்சீட்டு முழுவதையும் படுக்கவைக்கக் கொடுத்தார். காங்கேயம், பல்லடம் என்று ஊருக்கு ஊர் நிறுத்தி, அடைத்த குழாயைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக நீரை விட்டுக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த சர்ஜனின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, அவருக்கு அது பிடிக்காது. குள்ளமான மனிதர், குரலை உயர்த்தவேமாட்டார். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவர் வயித்துல முதல்ல கை வெச்சது என்னிக்கு?"

"இன்னிக்குங்க சார்."

"சரி," என்றார். கையுறை மாட்டிக்கொண்டு, ஆசனவாய் வழியாக விரலை விட்டுப் பரிசோதித்தார். பிறகு என்னையும் பரிசோதிக்கச் சொன்னார். மூத்திரப்பையின் வாயைச் சுற்றியிருக்கும் புரோஸ்டேட் சுரப்பி, வயதாக வயதாகப் பெருத்து வழியை நெருக்கியிருந்தது. வழவழப்பாக, அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் வீக்கம். படித்துப் பாஸ் செய்தவன், முதல்முறையாக அன்றைக்குத்தான் அதை என் விரலால் அறிந்தேன்.

உடனே அறுவை செய்தால் தாங்கமாட்டார் என்று அடிவயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். சிறுநீரகங்கள் தேறிய பிறகு சுரப்பியை எடுப்பதாகத் திட்டம். ஐந்து வாரம் ஆயிற்று. நான் வாரம் ஒருமுறை போய்வந்தேன். போனால் ராஜ வீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் தங்குவேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். கவுண்டரம்மாள் ஊர்பேர் தெரியாத இடத்தில் தனியாக இருக்கிறாரே என்று அம்மா தினமும் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவது அப்பா. கவுண்டருக்கும் அப்பாவுக்கும் நல்ல ஸ்நேகமாகிவிட்டது. கவுண்டருக்கு வெட்கம் எல்லாம் போய்விட்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்களை எல்லாம், "உங்களுக்கு எப்படிப் போகுது?" என்று விசாரிப்பார்.

நான்காவது வாரம் நான் போனபோது கவுண்டர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"டாக்டருங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஐயன் நேத்து ஒரு மணி நேரம் இங்க உக்காந்திருந்தாரு. நாலு தடவ எந்திரிச்சுப் போனாருங்க. ஒருக்கா வெத்தல துப்பப் போறேன்னாரு. ஒருக்கா செருப்பப் பாத்துட்டு வாரேன்னாரு. வெத்தல போடற பழக்கமே அவருக்கு இல்லீங்களே."

கவுண்டர் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு வருசம் நான் போட்ட வேசமுங்க அது. எனக்குத் தெரியாதுங்களா?"

மாசத்துக்கு நாலு நாள் அப்பாவோடு ஒரே இலைவரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான். டாக்டர். கவனித்தவர், வயிற்றில் குழாயோடு கட்டிலில் கிடந்த ஒரு நோயாளி.

அன்று சாயந்திரம் அப்பாவிடம் கேட்டேன். "உன்ர வேலையப் பாருடா," என்று எழுந்து போய்விட்டார். மகன் கேட்கிற கேள்வியா அது என்று அவருக்குக் கோபம். மறுநாள் கவுண்டர்தான் பேசினார். போர்வையை விலக்கித் தன் குழாயைக் காட்டி, "வாத்தியாரய்யா, நான் கூச்சப்பட்டுத்தான் இத வாங்கிக்கிட்டேன். உங்களுக்கும் ஒண்ணு வேணுமுங்களா?" என்றார். அப்பா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே சர்ஜனின் அறைக்குள் போனார். நான் வெளியே நின்றேன். கவுண்டருக்குச் செய்ததையே அப்பாவுக்கும் செய்து சரிப்படுத்திவிடலாம் என்ற நினைப்பில் தைரியமாகத்தான் நின்றேன்.

சர்ஜன் வெளியே வந்தார். அப்பா இன்னும் உள்ளே வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். சர்ஜன் என் வலதுகையைப் பிடித்து மடக்கி, விரல்முட்டி எலும்பின்மேல் தன் பெருவிரலை வைத்து அழுத்தினார்.

"இப்படி இருக்கு," என்றார்.

அப்பாவின் சுரப்பி கல்லாக இருந்தது. மெத்தென்ற வீக்கமல்ல. புற்றுநோய். அந்தக் காலத்தில் அதற்கு எங்கள் கையில் ஒரு மருந்தும் இல்லை.

"இடுப்புல, முதுகுல வலி உண்டா?"

ஒரு வருஷமாக அப்பாவுக்கு இடுப்புவலி. வாதம் என்று சொல்லித் தைலம் கலந்து கொடுத்தது நான். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு சீசா கொண்டுவருவேன். போன வாரம்கூட என் கையாலேயே தேய்த்துவிட்டிருந்தேன். எலும்பில் பரவிய நோயின்மேல் தைலம் தேய்த்திருக்கிறேன். சர்ஜனிடம் அதைச் சொன்னேன். அவர் என் கையை உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

கவுண்டருக்கு அடுத்த வாரம் இரண்டாவது அறுவை நடந்தது. எலுமிச்சம்பழம் அளவு சுரப்பியை எடுத்தார்கள். ஒரு மாசத்தில் நடந்தே பஸ் ஏறினார். அதன்பிறகு பதினோரு வருஷம் இருந்தார். அவர் ஊரில் வயதானவர்கள் யாராவது கூட்டத்திலிருந்து அடிக்கடி எழுந்துபோனால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார். அந்தப் பக்கம் அடைப்போடு முற்றிய நிலையில் என்னிடம் வந்தவர்கள் அபூர்வம். அதில் என் திறமை ஒன்றுமில்லை.

அப்பா ஏழு மாசம் இருந்தார். கடைசி இரண்டு மாசம் கால் வரவில்லை. "கவுண்டருக்கு நல்லாயிருச்சே, எனக்கு ஏன்டா ஆகல?" என்று ஒருமுறை கேட்டார். உங்களுக்கு எளிதாக இருக்கலாம், புத்தகத்தில் பதில் இருக்கிறது. நான் அன்றைக்கு அவர் காலில் போர்வையை இழுத்துவிட்டேன். முதலிலேயே கண்டுபிடித்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் சந்தேகம்தான். ஆனால் ஒரு வருஷம் அவர் என் தைலத்தை நம்பிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "அப்பாவுக்கு இப்படி இருக்குதுன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"ரெண்டு வருசமாத் தெரியும் கண்ணு," என்றாள். "போகாமச் செரமப்படறதும் தெரியும், அடிக்கடி எந்திரிக்கறதும் தெரியும். சொல்லக்கூடாதுன்னு உங்கப்பா சத்தியம் வாங்கிக்கிட்டாரு. ஆனா நீ டாக்டரு. நீ வந்து கேட்டா சத்தியத்த மீறியாவது சொல்லிப்போடலாம்னு ஒவ்வொரு தடவ நீ வர்றப்பவும் காத்துட்டிருந்தேன். நீ கேக்கவே இல்லையே."

அவ்வளவுதான் நான் சொல்ல நினைத்தது. உங்களிடம் வரும் வயதான ஆண்பிள்ளை உண்மையைச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார், பாதியைத்தான் சொல்வார். அவரைப் படுக்கச் சொல்லி வயிற்றில் கை வையுங்கள், கையுறை மாட்டுங்கள், கூட வந்திருக்கும் அம்மாளைத் தனியாகக் கேளுங்கள். இது ஆஸ்பத்திரிக்கு. வீட்டுக்கு வேறு ஒன்று இருக்கிறது. உங்களில் பலருக்கு அப்பாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவரைக் கேளுங்கள். ஒன்றுமில்லை என்பார். பிறகு அம்மாவைக் கேளுங்கள்.